ஆத்தாவுக்கு வாசித்த நாவல்

காரைக்குடி

அன்புள்ள உமையாள்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குப் பிரசவம் நல்லபடியாக முடிந்ததில் எங்களுக்குப் பெரிய நிம்மதி. கவுனி அரிசி கேட்டிருந்தாய்; ஆள் வரும்போது கொடுத்தனுப்புகிறேன்.

ஆத்தாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆனதிலிருந்து, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வளவில் உட்கார்ந்து அவளுக்கு நாவல் வாசிக்கிறேன். நீ கொடுத்துவிட்டுப் போன கனடா நாவலைத்தான் முதலில் எடுத்தேன். லூசி மாட் மான்ட்காமெரி எழுதி 1908-ல் வெளியான 'ஆன் ஆஃப் கிரீன் கேபிள்ஸ்'. பக்கம் பக்கமாகத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். பண்ணை வேலைக்கு ஆண் பிள்ளை வேண்டும் என்று கேட்டவர்கள் வீட்டுக்குத் தவறுதலாக ஒரு பெண் பிள்ளை வந்து சேர்கிறாள். கல்யாணமாகாத மரில்லாவும் அவள் அண்ணன் மாத்யூவும் அவளையே வைத்து வளர்க்கிறார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்தபடி யார் வண்டி எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கும் ரேச்சல் லிண்ட் வந்ததும், நம் தெருவிலிருந்து ஒரு பெயரைச் சொன்னாள் ஆத்தா. யாரென்று உனக்கே தெரியும்.

எனக்கு அந்தச் சிறுமியின் ஓயாத பேச்சு பிடித்தது. ஆத்தாவுக்கு மரில்லாவின் மேல்தான் கண். "அந்த வீட்டில் பணம் யார் கையில் இருக்கிறது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் அதற்குப் பதில் வந்தது. சேமிப்பு முழுவதையும் போட்டிருந்த வங்கி திவாலாகிறது. பத்திரிகையில் அந்தச் செய்தியைப் பார்த்த அதிர்ச்சியில் மாத்யூ இறந்துபோகிறார். மரில்லாவுக்கோ பார்வை மங்குகிறது. படிப்பையும் தையலையும் விடு, அழவும் கூடாது என்கிறார் டாக்டர். வீட்டை விற்றுவிடலாம் என்று அவள் சொல்லும்போது, மேல்படிப்புக்குக் கிடைத்த உதவித்தொகையை விட்டுவிட்டு ஆன் கூடவே இருந்துவிடுகிறாள். ஆத்தா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "பெட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று வீட்டுப் பெண்பிள்ளைக்குக் கடைசியில்தான் சொல்வார்கள்" என்றாள்.

மதராஸில் அர்பத்நாட் கம்பெனி என்ற வங்கி 1906-ல் திவாலானது. மறு ஆண்டே நம் செட்டிநாட்டுக்காரர்களும் பணம் போட்டு இந்தியன் வங்கி தொடங்கியதைப் பெருமையாகச் சொல்கிறோம். பணத்தைப் பறிகொடுத்த வீடுகளில் அந்த வருடம் எப்படி உலை வைத்தார்கள் என்று ஒரு பெண் எழுதி நான் படித்ததில்லை.

இதமான குடும்ப நாவல் என்றாலே பொழுதுபோக்கு என்று ஒதுக்குபவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது, உமையாள். கடனையும் நோயையும் மறைக்காமல் காட்டிவிட்டு, அதற்குப் பிறகும் ஒருத்தி இன்னொருத்திக்குக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தால், அந்த அன்பை நான் நம்புகிறேன். எல்லாக் கஷ்டமும் ஒரு கல்யாணத்தில் தீர்ந்துவிடும் புத்தகங்கள் எனக்கு மனத்தில் நிற்பதில்லை.

சாமான் அறையை ஒழித்தபோது அப்பத்தா பைண்டு செய்து வைத்திருந்த தொடர்கதை ஒன்று கிடைத்தது. வார இதழிலிருந்து கிழித்துச் சேர்த்து, காலிகோ ஒட்டித் தைத்த புத்தகம். ஓரமெல்லாம் பென்சிலில் பால் கணக்கு. கதாநாயகி அழுதுகொண்டிருக்கும் பக்கத்தில், 'கூலி நெல் 2 மரக்கால், பாக்கி 1' என்று எழுதியிருக்கிறாள்! ஐயா பினாங்கில் வட்டிக்கடைக் கிட்டங்கியில் இருந்தார். ஜப்பான்காரர்கள் மலேயாவைப் பிடித்து வைத்திருந்த வருடங்களில் அங்கிருந்து கடிதமும் இல்லை, பணமும் இல்லை. நிலம், பிள்ளைகள் படிப்பு, பங்காளி வீடுகளுக்குச் செய்ய வேண்டிய முறை அத்தனையும் அவள் ஒருத்தி பார்த்தாள். அந்தப் புத்தகத்தை எடைக்குப் போடச் சொன்னார்கள், நான் கொடுக்கவில்லை. பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா பழைய நூல்களையும் இதழ்களையும் வாழ்நாளெல்லாம் தேடிச் சேர்த்ததால்தானே இன்று சென்னையில் அவர் பெயரில் அவ்வளவு பெரிய ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது.

வை.மு.கோதைநாயகிக்குத் தொடக்கத்தில் சரளமாக எழுத வராது. அவர் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள்தான் முதல் நாடகத்தை எழுதிக் கொடுத்தார். அப்படித் தொடங்கியவர் 1925-ல் 'ஜகன்மோகினி' இதழை ஏற்று நடத்தினார். 115 நாவல்கள் எழுதினார். இதை நினைத்துத்தான் நானும் ஒரு நோட்டு வாங்கினேன். ஆத்தா சொல்லச் சொல்ல எழுதுகிறேன்: எந்த நகை எப்போது அடகுக்குப் போனது, எப்போது திரும்பியது, எது திரும்பவே இல்லை, ஐயா வந்து கேட்டபோது அப்பத்தா என்ன சொன்னாள். எனக்கு எழுதி வைக்கத்தான் தெரியும். அதை நாவலாக்கும் கை உனக்கு உண்டு. கல்லூரி மலரில் நீ எழுதிய கதையை இன்றும் வைத்திருக்கிறேன்.

செவ்வாய்ப் பொங்கலுக்கு நாட்டரசன்கோட்டை வருவாய் அல்லவா? இரண்டு நாள் கூடுதலாக இங்கே தங்குகிற மாதிரி வா. நோட்டைப் படித்துப் பார். ஆத்தாவிடம் நான் கேட்கத் தயங்கும் கேள்விகளை நீ கேட்டுவிடுவாய். வரும்போது அவளுக்கு அடுத்து வாசிக்க ஒரு நாவலும் எடுத்து வா. வரவு செலவு தெரிந்த கதாநாயகியாக இருக்கட்டும்.

அன்புடன்,
வள்ளி