கை முந்திக்குதே, அத ஏன் எழுதல?

ஆசிரியருக்கு வணக்கம். கவனச்சிதறல் பத்தின உங்க கட்டுரை நல்லா இருந்துச்சு, ஆனா எல்லாமே கண்ணும் மனசும் அலைபாயறதோட முடிஞ்சிடுச்சு, கை என்ன பண்ணுதுன்னு ஒரு வரி கூட இல்ல, எனக்கு அது பெரிய குறையாப் பட்டுச்சு. 1974-ல அமெரிக்காவுல பார்பரா எரிக்சன், சார்ல்ஸ் எரிக்சன்னு ரெண்டு பேர் ஒரு சோதனை செஞ்சாங்க. ஆங்கில எழுத்துங்கள வரிசையா காட்டுவாங்க, நடுவுல ஹெச் வந்தா லீவர ஒரு பக்கம் தள்ளணும், எஸ் வந்தா மறுபக்கம், சுத்தி இருக்கற எழுத்த கண்டுக்க வேணாம்னு சொல்லியாச்சு, எங்க வரும்னும் தெரியும், அப்படியும் ஹெச்சுக்கு ரெண்டு பக்கமும் எஸ் நின்னா பதில் லேட்டாகுது, எழுத்துங்க ஒட்டி ஒட்டி இருந்தா இன்னும் மோசம். அப்புறம் 1980-கள்ல இல்லினாய் பல்கலைக்கழகத்துல இதே மாதிரி சோதனைய ஒரு எழுத்துக்கு ஒரு கைன்னு வச்சு, கை தசையோட மின் துடிப்ப அளந்து பாத்தா, சரியா பதில் சொன்னப்பவே பல தடவ தப்பான கையும் லேசா இயங்க ஆரம்பிச்சு அடங்கியிருக்கு! வேணாம்னு ஒதுக்கின எழுத்து கை வரைக்கும் போயிடுது சார். இது தெரிஞ்சா படிக்கற பசங்கள கவனமே இல்லன்னு திட்டறதுக்கு முன்னாடி பக்கத்துல இருக்கற போன எடுத்து வேற ரூம்ல வைப்போம். அறிவியல் பக்கத்துல இதையும் விரிவா எழுதுங்க, ப்ளீஸ்.

- ஒரு வாசகி, தஞ்சாவூர்