தானாக விளைவதில்லை குதிரைவாலி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பின் சிறுதானியக் கட்டுரையில், வறட்சியைத் தாங்கிப் பராமரிப்பே இன்றி விளையும் குதிரைவாலியைக் கைவிட்டு, கரிசல்காட்டு விவசாயிகள் லாப ஆசையில் மக்காச்சோளத்துக்குத் தாவிவிட்டதாக ஒரு வரி வந்திருக்கிறது. விளாத்திகுளம் வட்டாரத்தில் பரம்பரையாக மானாவாரி வெள்ளாமை செய்துவரும் எங்களுக்கு இது புதுச் செய்தி.

கட்டுரையாளர் ஒரு நாளாவது எங்கள் காட்டில் களையெடுத்துப் பார்த்திருக்கலாம். முளைத்த சில வாரங்களுக்குக் குதிரைவாலியும் காட்டுப்புல்லும் ஒன்றுபோலவே இருக்கும்; பழகாத கை பயிரைப் பிடுங்கிவிட்டுப் புல்லை விட்டுவைக்கும். பிரித்தறியத் தெரிந்த பெண்களுக்கு வயதாகிவிட்டது. இளையவர்கள் தீப்பெட்டி ஆலைக்குப் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

ஏறக்குறைய தொண்ணூறு நாளில் கதிர் தரும் இப்பயிர் குறைந்த ஈரத்திலும் பிழைத்துக்கொள்ளும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அறுவடைக்கு நிற்கும் கதிர் பெருமழையைத் தாங்காது. சர்வதேச சிறுதானிய ஆண்டென்று ஐ.நா. சபை கொண்டாடிய 2023-ஆம் ஆண்டின் டிசம்பரில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. கொட்டிய அந்த மழை எங்கள் காட்டையும் விட்டுவைக்கவில்லை. அறுவடைக்கு நின்ற பயிர் தாளோடு சாய்ந்து, மணி கறுத்து, சேற்றிலேயே முளைவிட்டது. அடுத்த மாதம் வந்த தங்கள் பொங்கல் மலரில் குதிரைவாலிப் பொங்கலும் தினைப் பாயசமும் வண்ணப் படங்களாக வந்திருந்தன. மிக அழகாக இருந்தன.

சோளம், கம்பு, கேழ்வரகு ஆகியவற்றுக்கு மத்திய அரசு குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கிறது, குதிரைவாலிக்கும் சாமைக்கும் வரகுக்கும் தனியாக அறிவிப்பதில்லை என்பது தாங்கள் அறியாததல்ல. உமி நீக்கும் ஆலை அருகில் இல்லாததால் நாங்கள் தானியமாகவே, வியாபாரி சொன்ன விலைக்குத் தள்ளிவிடுகிறோம். உமி நீக்கும் செலவையும் சேதாரத்தையும் கழித்தாலும், அதே தானியம் நகரத்துக் கடையில் அரிசியாக விற்கும் விலை எங்களை மலைக்க வைக்கிறது. மக்காச்சோளத்துக்கோ, கோழித்தீவனத்துக்கு வாங்குபவர் லாரியோடு களத்துக்கே வருகிறார். 2018-இல் தமிழகத்துக்குள் நுழைந்த படைப்புழு குருத்தைத் தின்று தீர்த்த பிறகும் எங்கள் ஊரார் மக்காச்சோளத்தையே மறுபடி விதைத்தார்கள் என்றால், அதற்குப் பெயர் ஆசையா என்று கட்டுரையாளரிடம் தாங்களே கேட்டுச் சொல்லுங்கள்.

திருத்தம் வெளியிடும்படி கேட்கவில்லை. முன்பு பயிர்க் காப்பீடு பற்றி எழுதிய கடிதங்களின் கதி எனக்குத் தெரியும். தங்கள் நாளிதழின் சந்தை நிலவரப் பகுதியில் தங்கம், வெள்ளி, பருத்தி, வத்தல் விலைகள் தவறாமல் வருகின்றன. அதன் கீழே, அறுவடைக் காலமான மார்கழி, தை மாதங்களிலாவது, குதிரைவாலியின் மூட்டை விலையையும் ஒரு வரியில் சேர்த்து வெளியிட்டால், வியாபாரியிடம் பேசும்போது எங்கள் கையில் காட்ட ஒரு காகிதமாவது இருக்கும்.

இங்ஙனம்,
மானாவாரி விவசாயி ஒருவர்,
விளாத்திகுளம் வட்டம், தூத்துக்குடி மாவட்டம்.