இங்கிலீஷ் சொல்லித்தர்றவங்களுக்கு: துக்கத்துக்கும் நாலு வார்த்தை கத்துக்கொடுங்க

அன்புள்ள இங்கிலீஷ் டீச்சர்களுக்கும் ஸ்போக்கன் இங்கிலீஷ் பாடம் எழுதுறவங்களுக்கும் வணக்கம்.

உங்க புண்ணியத்துல எனக்கு இன்டர்வியூல பேசத் தெரியும், லீவ் கேட்டு மெயில் போடத் தெரியும். ஆனா கூட வேலை பாக்குற ஒரு அம்மா ஒருநாள் போன்ல "ஐ லாஸ்ட் மை சன்"னு சொன்னப்போ எனக்கு வாயே வரல. சாரின்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு, ஆனா சாரின்னா தப்பு பண்ணவங்க சொல்றதுதானே, இப்ப சொன்னா தப்பா எடுத்துப்பாங்களோன்னு முழுங்கிட்டு "ஓகே மேடம்"னு சொல்லிட்டேன். புள்ள போயிட்டான்னு சொன்ன தாய்கிட்ட ஓகேன்னு சொல்லியிருக்கேன். அது இன்னும் என்னை விடல, அதான் இந்த மடல்.

அப்புறம் தேடிப் படிச்சப்போதான் தெரிஞ்சது, சாரிங்கிற வார்த்தையோட வேரே வலிதானாம். தொண்டை வலிய சோர் த்ரோட்னு சொல்றோம்ல, அந்த சோர்தான் இது, மன்னிப்பு கேக்குற அர்த்தம்லாம் பின்னாடி வந்து ஒட்டிக்கிட்டது. அப்போ "ஐ ஆம் சாரி ஃபார் யுவர் லாஸ்"னா உங்க இழப்பு எனக்கும் வலிக்குதுன்னுதான் அர்த்தம். இந்த ஒத்த வரிய யாராவது சொல்லிக்கொடுத்திருக்கலாம்.

இன்னும் தோண்டிப் பாத்தா அழுகையே வந்துச்சு, ஏன்னா எல்லாமே நமக்குத் தெரிஞ்சதுதான். கிரீஃப்ங்கிறது கனம்னு அர்த்தம் வர்ற லத்தீன் வார்த்தை கிராவிஸ்லேருந்து வந்தது, கிராவிட்டிக்கும் அதே வேர்தான், நாம மனசு கனத்துப்போச்சுன்னு சொல்றோமே அதேதான். நெருங்கினவங்கள இழந்தவங்களுக்கு பெரீவ்ட்னு ஒண்ணு இருக்கு, பழைய இங்கிலீஷ்ல அதோட வேருக்கு கொள்ளையடிக்கிறது, பறிக்கிறதுன்னு அர்த்தம், நம்ம வீட்டுப் பெரியவங்க "புள்ளைய பறிகொடுத்துட்டு நிக்கிறா"ன்னு சொல்லுவாங்களே, அப்படியே இருக்குல்ல? கண்டோலன்ஸ்னா சேர்ந்து வலிக்கிறது. இதையெல்லாம் விட்டுட்டு கிரீஃப் ஈக்வல் டு துக்கம், சேட் ஈக்வல் டு துக்கம், மோர்னிங் ஈக்வல் டு துக்கம்னு வரிசையா எழுதிப்போட்டா எது எங்க வரும்னு எப்படிங்க புரியும்? சேட் எதுக்கு வேணா வரும், மழை பேஞ்சு மேட்ச் நின்னாலும் சேட்தான். கிரீஃப் பெரும்பாலும் பெரிய இழப்புக்குதான், உள்ள கிடந்து அழுத்துறது. அது வெளிய அழுகையா, துக்கம் அனுசரிக்கிறதா வந்தா மோர்னிங். காலைக்கு சொல்ற மார்னிங்கும் இதுவும் ஒரே சத்தம்னாவது சொல்லிவைங்க, காதுல விழும்போது குழம்பாம இருக்கும்.

யாராவது இறந்துட்டா எக்ஸ்பயர்ட்னு நாம சர்வ சாதாரணமா சொல்றோம், ஆனா வெளிநாட்டுல நிறைய பேருக்கு அது பாஸ்போர்ட்டுக்கும் மாத்திரைக்கும் சொல்றது, பாஸ்ட் அவேன்னு சொன்னா போதும். ஆர்ஐபி, அதாவது ரெஸ்ட் இன் பீஸ், செத்தவங்களுக்கான வேண்டுதல், உயிரோட அழுதுட்டு நிக்கிறவங்களுக்கு அது எந்த ஆறுதலும் இல்ல. அட்லீஸ்ட்னு எந்த ஆறுதலும் ஆரம்பிக்கவே வேண்டாம்.

இன்னொண்ணு. புருஷன் போனா விடோ, அப்பா அம்மா போனா ஆர்ஃபன், ஆனா புள்ளைய பறிகொடுத்தவங்களுக்கு இங்கிலீஷ்ல புழங்குற தனி வார்த்தை கிடையாது. நம்மகிட்ட புத்திரசோகம்னு அந்த துக்கத்துக்காவது ஒரு பேர் இருக்கு. அந்த அம்மாவ என்னன்னு சொல்றதுன்னு அவங்க பாஷைலயே இல்லன்னு தெரிஞ்சப்போ மறுபடியும் அந்த போன் கால்தான் ஞாபகம் வந்துச்சு.

அதனால கேக்குறேன், ஒரே ஒரு கிளாஸ் இதுக்கு ஒதுக்குங்க. எழுதி மனப்பாடம் பண்ணவைக்காதீங்க, ரெண்டு ரெண்டு பேரா உக்காரவெச்சு வாய்விட்டு சொல்லவைங்க, "ஐ ஆம் சோ சாரி, டெல் மீ அபௌட் ஹிம்"னு சொல்லிட்டு அடுத்தவங்க பேசுற வரைக்கும் சும்மா இருக்கவும் பழக்குங்க.