ஐ.என்.ஏ. சிப்பாய்களின் பெயர்களை மறுபடி தேடித் தரக் கோரும் மனு

பெறுநர்:
மேதகு இந்தியத் தூதர் அவர்கள்,
இந்தியத் தூதரகம், யாங்கூன்.

அனுப்புநர்:
ஐ.என்.ஏ. தமிழ்ச் சிப்பாய்களின் பேரப்பிள்ளைகள்,
யாங்கூன், பெகு, மோல்மேன்.

ஐயா,

வணக்கம். 1944 ஜனவரியில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸின் இந்திய தேசிய ராணுவத்தின் (ஐ.என்.ஏ.) தலைமையகம் ரங்கூனுக்கு வந்தது. 1945 ஏப்ரல் 24இல் நேதாஜி இவ்வூரை விட்டுக் கிளம்பியபோது, மேஜர் ஜெனரல் லோகநாதன் பொறுப்பில் ஆயிரக்கணக்கானோர் காவலுக்கு நிறுத்தப்பட்டு, மே மாதம் பிரிட்டிஷாரிடம் சரணடைந்தார்கள். பிடிபட்ட ஐ.என்.ஏ.காரர்கள் எவ்வளவு பற்றோடு அதில் இருந்தார்கள் என்று பிரிட்டிஷார் விசாரித்து வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று தரம் பிரித்தார்கள். பாதுகாப்பு அமைச்சகம் 1997இல் ஐ.என்.ஏ. குறித்த 990 கோப்புகளைப் புது தில்லி தேசிய ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பியது. நாங்கள் கேட்பது அந்தக் கோப்புகளில் ஒரு தேடல்.

பெயரை மட்டும் கொடுத்தால் 'பதிவு இல்லை' என்று வருகிறது. எழுத்து ஒத்துப்போகாததே பல வேளை காரணம். முத்துசாமியை ஆங்கிலத்தில் எழுதும்போது 'டி' ஒன்றா இரண்டா, 'எச்' உண்டா இல்லையா, சாமியா ஸ்வாமியா? மூன்றே கேள்வி, எட்டு எழுத்துக்கூட்டல். லோகநாதன் பெயரையே ஆங்கில நூல்கள் இரண்டு விதமாக அச்சிட்டிருக்கின்றன; சிப்பாய் பெயரை யார் சரிபார்த்திருப்பார்கள்? தகப்பன் பெரியசாமியின் பெயரைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டால் முத்துசாமி, 'பெரியசாமி' வரிசையில் போய் உட்கார்ந்திருப்பார். பர்மியத் தாள்களை நம்பினால் இன்னொரு சிக்கல்: பர்மியத்தில் ர, ய ஆக ஒலிக்கும். ரங்கூன் யாங்கூன் ஆன கதைதான். ராமன் யாமனாகிவிடுவார்.

பிரிட்டிஷ் இந்தியப் படையிலிருந்து வந்தவருக்குப் படை எண் உண்டு. அதைப் பிடித்தால் எழுத்துப் பிழையைத் தாண்டிவிடலாம். தோட்டத்திலிருந்தும் கடையிலிருந்தும் சேர்ந்தவருக்கு அது கிடையாது. தகப்பன் பெயர், சொந்த ஊர், சேர்ந்த இடம், இவைதான் பிடி. ஊரிலும் கவனம் வேண்டும்: பழைய ராமநாதபுரம் ஜில்லா 1985இல் மூன்றாகப் பிரிந்தது. சிவகங்கை என்று தேடினால், ராமநாதபுரத்தை ஆங்கிலத்தில் 'ராம்நாட்' என்று எழுதிய பழைய பதிவு அகப்படாது.

ஆகவே ஆளுக்கு ஒரு தாளாக, தமிழ்ப் பெயர், சாத்தியமான எழுத்துக்கூட்டல்கள், தகப்பன் பெயர், பழைய ஜில்லா, தெரிந்தவரை படை எண் எழுதி இணைத்துள்ளோம். தூதரகம் இவற்றை ஒரே கட்டாக ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பி, தகப்பன் பெயரையும் ஜில்லாவையும் வைத்துத் தேடச் சொல்ல வேண்டுகிறோம். கிடைத்தால் அந்தப் பக்கத்தின் நகலும் கோப்பு எண்ணும் வேண்டும். கிடைக்காவிட்டால் பார்த்த கோப்புகளின் எண்களையாவது எழுதித் தரட்டும், அடுத்த முறை அதே கட்டைப் பிரிக்க வேண்டியிராது. தியாகி பென்ஷன் பேரப்பிள்ளைகளுக்கு இல்லை என்பது தெரியும், அதைக் கேட்கவில்லை.

இப்படிக்கு,
மனுதாரர்கள்

இணைப்பு: விவரத் தாள்கள்