ஏலகிரி விடுதி உரிமையாளர்களுக்கும் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகத்துக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

அக்னி நட்சத்திர வெயில் தாளாமல் எங்கள் வீட்டு நாய் கருப்பி பகலெல்லாம் குளியலறைத் தரையில் வயிறு பதியப் படுத்துக் கிடந்ததைப் பார்த்துத்தான், கடந்த மே மாதம் இரண்டு நாள் ஏலகிரிக்குப் போய் வரலாம் என்று முடிவு செய்தோம். நாய்க்கு நம்மைப் போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கித்தான் அது தன் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. வேலூர்க் கோடையில் அது படும் பாட்டை வளர்ப்பவர்கள் அறிவார்கள்.

தொலைபேசியில் ஒரு விடுதியிடம் நாயையும் அழைத்து வருவதாகச் சொல்லி, சம்மதம் பெற்று, முன்பணமும் செலுத்திய பிறகே சத்துவாச்சாரியிலிருந்து புறப்பட்டோம். வளைவுகளில் அதற்குக் குமட்டக் கூடாதென்று காலையில் உணவு கொடுக்கவில்லை. பொன்னேரியில் தண்ணீர் மட்டும் காட்டிவிட்டு, மயிலுக்குப் போர்வை தந்த பேகனின் பெயர் தாங்கிய வளைவு உட்பட 14 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மேலே போய்ச் சேர்ந்தபோது, மற்ற விருந்தினர்கள் ஆட்சேபிப்பார்கள் என்று சொல்லி அறை தர மறுத்துவிட்டார்கள். முன்பணமும் திரும்பவில்லை. வேறு இரண்டு இடங்களிலும் இடம் கிடைக்காமல், மாலையில் புங்கனூர் ஏரிக்கு வெளியே சாலையோரம் காரை நிறுத்தினோம். ஏரிக்காற்று முகத்தில் பட்டதும் கருப்பி மூக்கை உயர்த்தி, காதுகளைப் பின்னுக்குச் சாய்த்து, நெடுநேரம் அசையாமல் நின்றது. காலையிலிருந்து இரைத்துக்கொண்டிருந்த அதன் மூச்சு அப்போதுதான் சீரானது. அன்றிரவே மலையிறங்கினோம்.

நாயைக் கண்டு அஞ்சுவோரை நான் குறை சொல்லவில்லை. வெறிநோய் அறிகுறி தோன்றிவிட்டால் உயிர் பிழைப்பது ஏறக்குறைய இயலாது என்னும்போது அந்த அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. எல்லா விடுதிகளும் நாயை அனுமதிக்க வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. அனுமதி உண்டா இல்லையா என்பதை முன்பதிவின்போதே எழுத்தில் தெரிவியுங்கள் என்பதே என் கோரிக்கை. ரயிலில் முதல் வகுப்பில் கூபே எனப்படும் தனி அறை முழுவதையும் பதிவு செய்தால் நாயை உடன் அழைத்துச் செல்லலாம், இல்லையேல் கார்டு பெட்டியில் உள்ள கூண்டில் அனுப்பலாம் என்று விதி இருப்பதால், பயணி தன் நிலைமையைத் தெரிந்துகொண்டே நிலையத்துக்கு வருகிறார். தரைத்தளத்தில் தனி வாசலுள்ள ஓரிரு அறைகளை ஒதுக்கி, ஆண்டுதோறும் போடும் வெறிநாய்த் தடுப்பூசியின் சான்றைக் கேட்டு, துப்புரவுக்கெனக் கூடுதல் கட்டணமும் வாங்கிக்கொள்ளுங்கள். நாயை அறையில் தனியே பூட்டிவிட்டுப் போவோருக்கு அனுமதி மறுத்தாலும் நான் உங்கள் பக்கமே நிற்பேன்.

நாய் வளர்ப்போராகிய எங்களுக்கும் கடமை உண்டு, அதை மாவட்ட நிர்வாகம் கண்டிப்புடன் வலியுறுத்த வேண்டும். ஏலகிரி வெறும் சுற்றுலாத் தலம் அன்று. அத்தனாவூரிலும் நிலாவூரிலும் மலைவாழ் மக்கள் ஆடும் கோழியும் வளர்த்துப் பிழைக்கிறார்கள். கயிறின்றி விடப்படும் நகரத்து நாய் அவர்களுடைய ஆட்டைத் துரத்தினால் அது அவர்களுக்கு நேரடி இழப்பு. தடுப்பூசி போடாத நாய் பார்வோ என்னும் தொற்றுநோயைக் கொண்டுவந்தால் ஊர் நாய்க்குட்டிகள் கொத்துக் கொத்தாக மடியும். ஆகவே கயிறும் தடுப்பூசியும் கட்டாயம், கழிவை அள்ளாதவருக்கு அபராதம் என்று மலையடிவாரத்திலேயே தமிழிலும் கன்னடத்திலும் பலகை வையுங்கள். பெங்களூரிலிருந்து வருவோரும் ஏராளம். அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தின் தொலைபேசி எண்ணும் அதில் இருக்கட்டும்.

ஏரியைச் சுற்றியுள்ள நடைபாதையில், படகுச் சவாரிக்குக் கூட்டம் சேருமுன், காலை 6 மணி முதல் 8 மணி வரை கயிற்றில் பிடித்த நாய்களுக்கு இடம் தர முடியுமா என்பதையும் பரிசீலிக்க வேண்டுகிறேன். அடுத்த கோடை விழாவுக்கு முன்பே இதுகுறித்து விடுதி உரிமையாளர்களை அழைத்துப் பேசினால், முடிவு எதுவாக இருந்தாலும் நாங்கள் அதற்கேற்பப் பயணத்தைத் திட்டமிட்டுக்கொள்வோம்.

இப்படிக்கு,
கருப்பியை வளர்க்கும் வேலூர்வாசி