கத்தி விலையும் ஒட்டுக் கூலியும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு இணைப்பில், ஆயிரக்கணக்கில் செலவழித்து மடக்குக்கத்தி வாங்குபவர்களைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். காய் நறுக்க ஐம்பது ரூபாய்க் கத்தி போதாதா என்று கேட்டு முடித்திருந்தார்கள். காய் நறுக்கப் போதும். ஆனால் மடக்குக்கத்தியை நம்பிக் குடும்பம் நடத்துகிறவர்களும் இந்த ஊரில் இருக்கிறோம். எங்கள் கணக்கு அந்தக் கட்டுரையில் வரவே இல்லை.

நான் ஒட்டுக் கட்டும் தொழிலாளி. ஒரு செடியின் கண்ணையோ குச்சியையோ இன்னொரு செடியில் பொருத்தி ஒன்றாக வளரவைப்பதுதான் ஒட்டு. அதற்கான கத்தியும் மடக்குக்கத்திதான். கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து 1983-ல் பெரியப்பாவோடு பெங்களூருக்கு வந்தபோது எனக்குப் பதினைந்து வயது. லால்பாக் பூங்காவை ஒட்டிய சித்தாபுராவில் ஒரு நாற்றுப்பண்ணையில் தண்ணீர் ஊற்றும் பையனாகச் சேர்ந்தேன். கத்தியைத் தொடவிடவே பெரியப்பாவுக்கு இரண்டு வருடம் ஆயிற்று. அதன் பிறகு ரோஜா, மா, சப்போட்டா என்று நான் கட்டிய ஒட்டுகளுக்குக் கணக்கில்லை.

ரோஜாவுக்குக் கண், அதாவது தளிர்மொட்டு, வைப்பதை மட்டும் சொல்கிறேன். கண்ணைத் தாங்கப் போகும் வேர்ச்செடியின் தண்டு பென்சில் பருமன்தான் இருக்கும். அதில் ஆங்கில 'டி' எழுத்துப் போல ஒரு கீறல் போட வேண்டும். தோல் அறுபட வேண்டும், உள்ளே இருக்கும் கட்டையில் காயம் படக் கூடாது. கத்தியில் தோல் தூக்குவதற்கென்றே மழுங்கலாக ஒரு நாக்கு இருக்கும். அதை நுழைத்து இரண்டு பக்கமும் மெல்லத் தூக்கினால் உள்ளே ஈரம் பளபளக்கும். அந்த ஈரம் காய்வதற்குள் நல்ல சாதிச் செடியிலிருந்து ஒரு கண்ணைத் தோலோடு சீவியெடுத்துச் செருகி, பாலித்தீன் நாடாவால் இறுக்கிக் கட்ட வேண்டும். தோலுக்கும் கட்டைக்கும் நடுவில் மெல்லிய பச்சைப் படலம் ஒன்று உண்டு. இரண்டு செடியின் படலமும் ஒன்றோடொன்று படிந்தால்தான் உயிர் ஓடும். மழுங்கிய கத்தி அந்தப் படலத்தை அறுக்காது, நசுக்கிவிடும். மூன்று வாரம் கழித்து நாடாவை அவிழ்த்தால் கண் கறுத்துப் போய், விரல் பட்டதும் சருகு போல உதிரும்.

மாவில் வேலை வேறு. ஒட்டுக்குச்சியின் அடியை ஆப்புப் போல இரண்டு பக்கமும் சீவ வேண்டும். ஒரு பக்கத்துக்கு ஒரே இழுப்பு. இரண்டாவது இழுப்புப் போட்டால் சீவிய இடத்தில் படி விழுந்துவிடும், வேர்ச்செடியின் பிளவில் வைத்துப் பார்த்தால் இடுக்கில் வெளிச்சம் தெரியும். இதற்காகவே ஒட்டுக்கத்தியை ஒரு பக்கம் மட்டும் சாய்வாகத் தீட்டி, மறுபக்கத்தைத் தட்டையாக விட்டிருப்பார்கள். அந்தத் தட்டை குச்சியின் மேல் படிந்து ஓடினால்தான் வெட்டு நேராக வரும்.

எங்களுக்குப் பெரும்பாலான இடங்களில் உயிர் பிடித்த ஒட்டுக்குத்தான் கூலி. செத்ததற்குக் காசு இல்லை. ஆரம்பத்தில் நான் வைத்திருந்தது சிவாஜிநகரில் இருபது ரூபாய்க்கு வாங்கிய கத்தி. இருபது செடிக்கு ஒரு முறை தீட்டுவேன். நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன்: அந்தக் கத்தியில் நூறு கட்டினால் அறுபது தேறுவதே அதிகம்.

1996-ல் செடி வாங்க வந்த காபித் தோட்டக்காரர் ஒருவரிடம் சுவிஸ் நாட்டு ஒட்டுக்கத்தி இருந்தது. விக்டோரிநாக்ஸ். 1891 முதல் தங்கள் நாட்டு ராணுவத்துக்குக் கத்தி செய்து கொடுக்கிற நிறுவனம். ஒரு மணி நேரம் கேட்டு வாங்கி வேலை செய்து பார்த்தேன். திருப்பிக் கொடுக்க மனமே வரவில்லை. அப்போது என் வருமானம் ஒரு நாளைக்கு எழுபது ரூபாய். சீட்டு எடுத்து 1,100 ரூபாய்க்கு அதேபோல ஒன்று வாங்கினேன். வீட்டில் நடந்த சண்டையை இங்கே எழுத வேண்டாம். அந்தப் பருவத்து நோட்டில் நூற்றுக்கு எண்பத்து மூன்று என்று இருக்கிறது. கையும் அதே கை, செடியும் அதே செடி. மூன்று மாதத்தில் கத்தியின் விலை திரும்பி வந்துவிட்டது.

ஏன் இந்த வித்தியாசம் என்று எனக்குப் புரியவைத்தவர் எங்கள் வாடிக்கையாளர் ஒருவர். தொழிற்சாலையில் எஃகைச் சூடேற்றிப் பதப்படுத்தும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என் பழைய கத்தியின் மேல் அரத்தை வைத்து ஒரு தள்ளுத் தள்ளினார், துகள் துகளாக உதிர்ந்தது. புதியதில் அரம் கடிக்கத் தயங்கியது. எஃகை எவ்வளவு சூடாக்கி, எப்படிக் குளிரவைத்து, மறுபடி எந்தச் சூட்டில் பதம் பார்க்கிறார்கள் என்பதில்தான் வெட்டுவாயின் ஆயுள் இருக்கிறது என்றார். அது கண்ணுக்குத் தெரியாத வேலை. நாம் அதிகம் கொடுக்கிற பணத்தில் நியாயமான பங்கு அதற்குத்தான் போகிறது.

அந்தப் பதத்தை ஒருமுறை நானே கெடுத்தேன். அவசரத்தில் சைக்கிள் சாணைக்காரர் ஒருவரிடம் கொடுத்தேன். சக்கரத்தில் பொறி பறக்கத் தேய்த்ததில் முனை நீலம் பாரித்துவிட்டது. நீலம் பாரித்த எஃகு இளகிய எஃகு. அந்தப் பகுதி தேய்ந்து போகும்வரை ஒரு மாதம் தண்ணீர் விட்டுக் கல்லில் தேய்த்தேன். அன்றிலிருந்து என் கத்தியை வேறு யாரிடமும் கொடுப்பதில்லை. இன்று அதன் அலகு பாதியாக ஒடுங்கியிருக்கிறது. மடிப்பில் தையல் எந்திர எண்ணெய் ஒரு சொட்டு விடுகிறேன், 'டக்'கென்ற சத்தம் மாறவில்லை.

விலை ஏற ஏற எல்லாம் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. ஒயிட்ஃபீல்டில் கணினி வேலை பார்க்கும் என் தங்கை மகன் நாற்பதாயிரம் ரூபாய்க்கு ஒரு மடக்குக்கத்தி வைத்திருக்கிறான். டைட்டானியம் பிடி, எஸ்30வி என்கிற அமெரிக்க எஃகு. அதில் 4 சதவீதம் வனேடியம் என்ற உலோகம் இருக்கிறது. ஆசையாகக் கையில் கொடுத்தான். அப்படியொரு நுணுக்கமான வேலைப்பாட்டை நான் பார்த்ததில்லை. ஆனால் இரண்டு பக்கமும் தீட்டிய தடித்த அலகு, ரோஜாக் கண்ணைச் சீவினால் கட்டையையும் சேர்த்து வாரிக்கொண்டு வந்தது. வனேடியம் எஃகிலுள்ள கரியோடு சேர்ந்து உண்டாகும் வனேடியம் கார்பைடு சாதாரணத் தீட்டுக்கல்லின் துகளைவிடக் கடினமானது. அந்தக் கத்தி மழுங்கினால் வைரத்தூள் பதித்த தகடு வேண்டும். ரசித்து வைத்துக்கொள்பவருக்கு அந்த விலை தகும், அது அவன் உழைத்த காசு. என் வேலைக்குத் தகாது. நாடா அறுக்கவும் குச்சி நறுக்கவும் நான் வைத்திருப்பது பிரான்சின் ஓப்பினெல், பீச் மரப் பிடி போட்டது. சுவிஸ் கத்தியைவிட மலிவு, பத்து நிமிடத்தில் கூராகிவிடும். மாம்பால் பட்டால் கறுக்கும், உடனே துடைத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

இவ்வளவும் எழுதக் காரணம் போன மாதம் பார்த்த ஒரு காட்சி. ஓசூர் சாலையில் ஒரு பெரிய பண்ணை. திருவண்ணாமலைப் பக்கத்துப் பெண் ஒருத்தி, இருபது வயது இருக்கும், எண்ணூறு மாங்கன்று கட்டியிருந்தாள். முந்நூற்று நாற்பது செத்துவிட்டது. அதற்குக் கூலி இல்லை. கைப்பக்குவம் போதாது என்று திட்டும் வாங்கினாள். அவள் கையைப் பார்த்தேன், தப்பில்லை. கத்தியை வாங்கி வெயிலுக்கு எதிரே பிடித்தேன். வெட்டுவாயில் மூன்று இடத்தில் பல் விழுந்திருந்தது. பண்ணை கொடுத்த கத்தி. அதே பண்ணையில் நிழல்வலைக்கு லட்சக்கணக்கில் செலவழித்திருக்கிறார்கள். என் வயிறு எரிந்தது.

பண்ணை முதலாளிகள் ஒட்டுக் கட்டும் ஒவ்வொருவருக்கும் நல்ல ஒட்டுக்கத்தி வாங்கித் தர வேண்டும். செத்த ஒட்டுக்குக் கூலி பிடிக்கும் வழக்கத்தை விட வேண்டும். விற்கிற கடைக்காரர்கள் எந்த எஃகு, எவ்வளவு கடினம் என்று அட்டையில் அச்சிட வேண்டும். தோட்டக்கலைப் பயிற்சி நடத்துகிறவர்கள் சான்றிதழோடு ஒரு கத்தியும் தீட்டுக்கல்லும் கொடுக்க வேண்டும். தீட்டச் சொல்லித்தர ஆள் இல்லையென்றால் நான் வருகிறேன், பஸ் செலவுகூட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓர் ஒட்டுக் கட்டும் தொழிலாளி,
சித்தாபுரா, பெங்களூரு.