சேறு என்று கேலி செய்யப்பட்ட பாஸ் கிட்டாரைப் பிரித்து விற்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பர்மாத் தேக்குத் தூணையும் எனாமல் தூக்குச்சட்டியையும் விட்டுவைப்பதில்லை. மின் இசைக்கருவிகள் மட்டும் யார் கண்ணிலும் படுவதில்லை. பினாங்கு, சிங்கப்பூர் என்று கடல் கடந்து வாழ்ந்த குடும்பங்களின் வீடுகளில் கிராமபோனும் வால்வு ரேடியோவும் இருப்பதுபோல, 1960, 70களின் மின் கிட்டாரும் பரணில் கிடக்கக்கூடும். வீட்டைப் பிரிக்கும்போது அதுவும் கடைத்தெருவுக்கு வரும். அப்படி வரக்கூடியவற்றில் ஒன்றுக்காகவே இந்தக் கடிதம்: அமெரிக்காவின் கிப்சன் நிறுவனம் செய்த ஈபி-0 என்ற, கீழ்ச்சுரங்களுக்கான பாஸ் கிட்டார்.

இது 1959 முதல் 1979 வரை விற்பனையில் இருந்தது. 1961 முதல் இரண்டு கூர்மையான கொம்புகளோடு, மெல்லிய மஹோகனி உடலும் செர்ரிச் சிவப்புப் பாலிஷுமாக வந்தது. தந்தியின் நீளம் 30.5 அங்குலம், இன்னொரு அமெரிக்க நிறுவனமான ஃபெண்டரின் பாஸ்களில் 34. தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப் ஒன்றே ஒன்றுதான். கழுத்து எனப்படும் கைப்பிடி முடியும் இடத்தை ஒட்டி, சோப்புக் கட்டி அளவில் பெரிதாக, நடுவில் நான்கு திருகுத் தலைகளோடு இருக்கும். முதல் சில ஆண்டுகளில் அதற்குக் கறுப்பு பிளாஸ்டிக் மூடி, பிறகு குரோம் மூடி. இந்த பிக்கப்பைத்தான் 'மட்பக்கர்' என்று கேலி செய்தார்கள். மட் என்றால் சேறு. சுரம் தெளிவாக விழாது, உறுமல்தான் வரும் என்பது குற்றச்சாட்டு.

உறுமலுக்குக் காரணம் இருக்கிறது. தந்தி அகலமாக அதிர்கிற இடத்துக்குக் கீழே பிக்கப் உட்கார்ந்திருப்பதால் அடிச்சுரம் பெருகி, மேல் சுரங்கள் அடங்கிவிடுகின்றன. அதன் சுருள்களில் கம்பிச் சுற்றுகள் மிக அதிகம். மின்தடை ஏறத்தாழ 30 கிலோ ஓம். ஃபெண்டர் பிரிசிஷன் பாஸில் 10, 11 கிலோ ஓம்தான். இவ்வளவு கனமான சுருளோடு நீளமான கேபிளும் சேர்ந்தால் கூர்மையான ஒலி முழுவதும் வடிந்துவிடும். நம் மெல்லிசை மேடைகளில் செய்வதுபோல் நேரே மிக்சரின் லைன் இன்புட்டில் செருகினால் நிலைமை இன்னும் மோசம். அந்த இன்புட்டின் தடை 10 கிலோ ஓம் என்று வைத்துக்கொண்டால், 30 கிலோ ஓம் பிக்கப்பின் ஒலியில் கால் பங்குதான் உள்ளே போகும். 1 மெகா ஓம் அல்லது அதற்கு மேல் இன்புட் உள்ள ஆக்டிவ் டிஐ பாக்ஸ் (கிட்டாருக்கும் மிக்சருக்கும் நடுவே செருகும் பெட்டி), மூன்று மீட்டருக்கு மிகாத கேபிள், தட்டைக் கம்பி சுற்றிய பிளாட் வவுண்ட் தந்தி ஆகிய மூன்றையும் கொடுத்துவிட்டுக் கேளுங்கள். அறுபதுகளின் பாட்டுக்கு ஏற்ற உருண்டையான, ஆழமான பாஸ் வரும். இதே பெரிய பிக்கப்போடு, உடலில் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் ஓரத்தில் இன்னொரு சின்ன பிக்கப்பும் சேர்ந்ததுதான் ஈபி-3. கிரீம் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் ஜாக் புரூஸ் கையில் இருந்தது அதுதான்.

கேலி இந்தக் கிட்டாரின் உடம்பிலேயே தழும்பாகிவிட்டது என்பதுதான் எங்கள் வருத்தம். ஒலி பிடிக்காதவர்கள் உடலைக் குடைந்து இரண்டாவது பிக்கப் வைத்தார்கள், பெரியதைக் கழற்றி எறிந்தார்கள், செர்ரியைச் சுரண்டி வேறு வண்ணம் பூசினார்கள். அதனால் கை படாத ஈபி-0 கிடைப்பது இப்போது அரிது. இந்த நிலையில் பிக்கப்பைத் தனியாக, தந்தியை முறுக்கும் டியூனர்களைத் தனியாக, உடலைச் சுவர் அலங்காரமாக விற்பது, தூணைப் பிடுங்கி வீட்டைக் கொல்வதற்குச் சமம். வியாபாரிகளுக்கும் அதில் நட்டம்தான்.

வாங்குவதற்கு முன் முதலில் தலைப்பகுதியைப் பாருங்கள். தலை பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது. பழையவற்றில் சாய்வு 17 டிகிரி. கழுத்தின் மேல் முனையில் தந்திகளைத் தாங்கும் சிறு கட்டைக்கு நட்டு என்று பெயர். அதற்குப் பின்னால், கழுத்துக்குள் ஓடும் டிரஸ் ராட் என்ற இரும்புக் கம்பியின் திருகு நட்டுக்காகக் குடைந்த இடத்தில், மரம் மிக மெல்லியது. அங்கே இழையும் குறுக்காக வெட்டுப்படுகிறது. கிட்டார் ஒருமுறை மல்லாந்து விழுந்தால் போதும், அங்கேதான் விரியும். தந்திகளைத் தளர்த்தி, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, விரல் நகத்தை மெதுவாக ஓட்டுங்கள். முடி போன்ற கோடு நகத்தில் தட்டும். ஒட்டி மறைத்திருந்தால், கடையில் ரூபாய் நோட்டு சரிபார்க்க வைத்திருக்கும் புற ஊதா விளக்கை இருட்டில் காட்டுங்கள். பழைய நைட்ரோ செல்லுலோஸ் லாக்கர் மங்கிய மஞ்சள் பச்சையாக ஒளிரும். புதிதாகப் பூசிய திட்டு கறுத்துத் தெரியும். ஒட்டிய தலை நன்றாகவே வேலை செய்யும், ஆனால் விலையைப் பாதியாகப் பேசலாம். விரிசல் புதிதென்றால் ஆணி, திருகு, சூப்பர் க்ளூ மூன்றும் வேண்டாம். சூப்பர் க்ளூ நொடியில் இறுகிவிடுவதால் துண்டுகள் கோணலாக அமர்ந்துவிடும். பிறகு நல்ல பசை மரத்துக்குள் இறங்காது. மரப்பசையை விரிசலின் அடி வரை செலுத்தி, கிளாம்ப் போட்டு ஒரு நாள் முழுக்க விடுவதுதான் முறை.

அடுத்தது மல்டிமீட்டர். கேபிளைச் செருகி, வால்யூமை முழுதாகத் திறந்து, பிளக்கின் முனைக்கும் அடிக்கும் இடையே அளக்க வேண்டும். வால்யூம் பாட் (ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழின் அடியில் உள்ள மின்தடை) 500 கிலோ ஓம் என்றால் மீட்டர் 28 கிலோ ஓம் அருகே காட்டும். பிக்கப்போடு வால்யூம் பாட்டும் இணையாகச் சேர்வதால் 30க்குக் கொஞ்சம் குறைகிறது. சுருள் எங்கேனும் அறுந்திருந்தால் பாட்டின் மதிப்பு மட்டும் நிற்கும். அப்போதும் பிக்கப்பைத் தூக்கிப் போடாதீர்கள். பெரும்பாலும் சுருளின் நுனி, ஈயம் பற்றவைத்த இடத்தில் விட்டிருக்கும். மோட்டார் காயில் சுற்றுகிறவர்களை விட, கைக்கடிகாரம் பழுது பார்க்கும் பொறுமையுள்ள கை இதற்கு ஏற்றது. கம்பி அவ்வளவு மெல்லியது.

பின்பக்க மூடியைத் திறந்தால் வால்யூம் பாட்டின் உடலில் ஏழு இலக்க எண் தெரியும். 1376642 என்று இருந்தால், 137 அந்தப் பாட்டைச் செய்த சிடிஎஸ் நிறுவனத்தின் குறி, 66 ஆண்டு, 42 வாரம். கிட்டார் அந்த வாரத்துக்கு முன் செய்யப்பட்டிருக்க முடியாது. தலையின் பின்னால் உள்ள வரிசை எண்ணை மட்டும் நம்பி ஆண்டு சொல்லக்கூடாது. அறுபதுகளின் பிற்பாதியில் ஒரே எண் பல கருவிகளில் விழுந்திருக்கிறது. எண்ணுக்குக் கீழே 'மேட் இன் யுஎஸ்ஏ' என்று பொறித்திருந்தால் 1970 அல்லது அதற்குப் பின். நட்டின் அகலமும் உதவும்: 1 11/16 அங்குலம் என்றால் 1965க்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு, 1 9/16 என்றால் அதற்குப் பிந்தையது.

பிரிட்ஜ் இரண்டு தடித்த திருகுகளில் நிற்கிறது. பல வருட இழுவிசையில் அவை கழுத்துப் பக்கம் சாய்ந்து, துளையின் ஓரத்தில் மரம் பிளந்திருக்கும். எபாக்சியைப் பூசி அடைப்பது தற்காலிக ஆறுதல்தான். துளையைச் சுத்தம் செய்து, மஹோகனிக் கட்டையை இறுக்கி ஒட்டி, மறுபடி துளையிட வேண்டும். நம் பக்கத்து தச்சருக்கு இது சாதாரண வேலை. அளவைத் துல்லியமாகக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

கழுத்து வளைந்திருந்தால், தலையில் மணி வடிவச் சிறு தகட்டைக் கழற்றி, 5/16 அங்குல பாக்ஸ் ஸ்பானரால் டிரஸ் ராட் நட்டை ஒரு நாளைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருகாதீர்கள். முதல் ஃப்ரெட்டிலும் (ஃப்ரெட் என்பது கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை), கழுத்து உடலோடு சேரும் ஃப்ரெட்டிலும் தந்தியை அழுத்திப் பிடித்தால், ஏழாவது ஃப்ரெட்டில் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி, அதாவது 0.3 மில்லிமீட்டர் போதும். தந்தி, குறைந்த நீளத்துக்கான ஷார்ட் ஸ்கேல் செட்டாக, தடிமன் 45 முதல் 105 வரை (அங்குலத்தில் ஆயிரத்தில் பங்குக் கணக்கு) இருக்கட்டும். நீளத் தந்தியை வெட்டிப் போட்டால், தடித்த பகுதி டியூனர் கம்பத்தில் மடங்கி, சுற்று பிரிந்துவிடும்.

கடைக்காரர்களுக்கு ஒரு தனி வேண்டுகோள். குத்துவிளக்கைப் போல இதைப் புளி போட்டோ பிராஸ் பாலிஷ் போட்டோ தேய்க்காதீர்கள். டியூனர்மேல் உள்ள நிக்கல் பூச்சு மிக மெல்லியது. பளபளப்போடு அதுவும் போய்விடும். உலர்ந்த பருத்தித் துணி போதும். வெயில் விழும் முற்றத்து ஓரத்தில் நிறுத்தினால் செர்ரி பழுப்பாகிவிடும். ரப்பர் வைத்த ஸ்டாண்டும் ரெக்சின் விரிப்பும் பட்ட இடத்தில் லாக்கர் இளகி ஒட்டிக்கொள்ளும். பெட்டிக்குள் பாச்சை உருண்டையும் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் தரையை விட்டு உயரமாக, பலகைமேல் பெட்டியை வைத்தால் நல்லது.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்கள் ஃபிங்கர்போர்டு (கழுத்தின் மேல் விரல் பதியும் பலகை) மரத்தைக் கேட்டறிந்து கொள்ளுங்கள். 60களின் தொடக்கக் காலத்தில் அது பெரும்பாலும் பிரேசில் ஈட்டி மரம். 1992 முதல், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சிட்டெஸ் சர்வதேச ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருப்பதால், அனுமதிச் சீட்டு இல்லாமல் சுங்கத்தில் மாட்டிக்கொள்ளும். பின்னால் வந்தவற்றில் நம் ஊர் ஈட்டி, தோதகத்தி என்று தச்சர்கள் சொல்வது, இடம் பிடித்தது.

பரணில் இப்படி ஒன்று கிடைத்தால் பிரிட்ஜ் மேல் இருந்த குரோம் மூடி, விரல் தாங்கும் சிறு கட்டை, மணித் தகட்டின் இரண்டு திருகு, பழைய கடை ரசீது, தோல் பட்டை எல்லாவற்றையும் கிட்டாரோடு அதே பெட்டியிலேயே விட்டுவையுங்கள். திருகு ஒன்று குறைந்தாலும், அதே அளவில் இன்னொன்று தேடுவதற்கு மாதக்கணக்கில் ஆகிறது.

இப்படிக்கு,
பழைய மின் இசைக்கருவிகள் சேகரிக்கும் வாசகர்கள் இருவர்,
காரைக்குடி.